பால் சொசைட்டி, கம்பெனி பஸ், படிப்பு: ஒரு நாளைக் கட்டுவது எப்படி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பெரும்பாலோரின் நாள் அவரவர் கையில் இல்லை. விடிந்ததும் சொசைட்டிக்குப் பால் ஊற்றியாக வேண்டும். குழாயில் தண்ணீர் விடும் நேரத்துக்கு வீட்டில் ஆள் இருக்க வேண்டும். ஓசூர் சிப்காட்டுக்குப் போகிறவருக்காகக் கம்பெனி பஸ் காத்திருக்காது. பிள்ளைகளுக்குப் பள்ளி வேன். இவையெல்லாம் நம் நாளில் ஏற்கெனவே அடித்து வைத்த முளைகள். நேரத்தைத் திட்டமிடச் சொல்கிறவர்கள் பலர், நாள் முழுக்கக் காலி மனையாகக் கிடப்பதாக நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். அதை நம்பிப் போட்ட அட்டவணை மூன்றாம் நாளே சுவரிலிருந்து இறங்கிவிடுகிறது. முளைகளை அப்படியே ஏற்றுக்கொண்டு, நடுவில் கிடக்கும் இடத்தை அளந்து, அந்த அளவுக்கு வேலையை வெட்டி வைப்பதுதான் இங்கே சொல்லும் முறை.

தேவைப்படுவது 40 பக்க நோட்டு ஒன்று, பேனா, அலாரம் வைக்க ஒரு போன். பட்டன் போனே போதும். இந்த வேலைக்கு அதுதான் நல்லதும்கூட.

முதலில் 4 நாள் எழுதுங்கள்

எதையும் மாற்ற வேண்டாம். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் மணியையும் இரண்டு சொல்லையும் எழுதுங்கள். "5.10 சாணி. 5.35 பால் கறவை. 6.20 சொசைட்டி. 6.50 போன்." அவ்வளவுதான். வேலையைத் தொடங்கும்போதே எழுத வேண்டும். ராத்திரி உட்கார்ந்து யோசித்து எழுதினால் போன் பார்த்ததும், பஸ் ஸ்டாப்பில் நின்றதும் கணக்கிலேயே வராது. அவைதான் நமக்கு மறந்துபோகிற நேரங்கள்.

4 நாள் எழுதிவிட்டு முதல் நாள் பக்கத்தை விட்டுவிடுங்கள். எழுதுகிறோம் என்ற நினைப்பில் முதல் நாள் எல்லோருமே ஒழுங்காக இருந்துவிடுவார்கள். மீதி 3 நாளில் ஒன்றாவது லீவு நாளாகவோ சந்தை நாளாகவோ இருக்கட்டும். ஷிப்டில் போகிறவர்கள் ஒவ்வொரு ஷிப்டுக்கும் தனியாக எழுத வேண்டும். ஏ ஷிப்ட் (காலை) வாரத்தின் கணக்கு சி ஷிப்ட் (இரவு) வாரத்துக்கு உதவாது.

பிறகு ஒவ்வொரு நாளையும் ஐந்தாகப் பிரித்துக் கூட்டுங்கள்: தூக்கம், முளை வேலை, காத்திருப்பு, போனும் டிவியும், மற்றவை. முக்கால்வாசிப் பேருக்குப் போன் கணக்கு ஓரளவு தெரிந்தே இருக்கும். காத்திருப்புக் கணக்குதான் புதிதாக இருக்கும். சொசைட்டி வரிசை, ரேஷன் வரிசை, பஸ், மாவு மில் என்று 10 நிமிடம், 15 நிமிடமாகச் சிதறிக் கிடப்பதால் அது கண்ணில் படுவதே இல்லை.

எது முளை, எது முளை இல்லை

நோட்டின் நடுப்பக்கத்தில் எழுவது முதல் படுப்பது வரை ஒரு நீளக் கோடு போட்டு முளைகளைக் குறியுங்கள். முளையைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: இதற்கு 20 நிமிடம் பிந்தினால் இன்னொரு மனுசனுக்கோ, மாட்டுக்கோ, சம்பளத்துக்கோ பாதிப்பு உண்டா? உண்டென்றால் முளை. துணி துவைப்பது முளை இல்லை. காலைக் கறவை முளை. பேப்பர் படிப்பது, கடையில் டீ குடிப்பது இரண்டும் பழக்கத்தால் முளை மாதிரித் தெரியும். ஆனால் பிடுங்கி வேறு இடத்தில் நடலாம்.

ஒவ்வொரு முளைக்குப் பக்கத்திலும் எவ்வளவு பிந்தலாம் என்று எழுதி வையுங்கள். கம்பெனி பஸ்ஸுக்கு 0 நிமிடம். சொசைட்டிக்கு 15 நிமிடம். சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட 30 நிமிடம். பிந்தவே முடியாத முளைக்கு முன்னால் கால்மணி நேரம் காலியாக விட வேண்டும். அந்தக் கால்மணியில் "சின்ன வேலைதானே" என்று எதையாவது நுழைத்தால் அன்றைக்குத்தான் பஸ் போய்விடும்.

நாளுக்கு மட்டுமல்ல, வருசத்துக்கும் முளை உண்டு. மா உள்ளவர்களுக்கு மே முதல் ஜூலை வரை. புளி உள்ளவர்களுக்கு மாசி, பங்குனி. பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்குக் கூடு கட்டும் முன், ஐந்தாம் பருவத்துப் புழு தின்கிற அந்த ஒரு வாரம். அப்போது தழை வெட்டுவதும் போடுவதும் தவிர வேறு எதையும் எழுதாதீர்கள். ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி அனுப்புகிறவர்கள் பறிப்பு நாளைச் சிவப்பு மையில் குறிக்கட்டும். இந்த நாட்களில் தையல் கற்பது, தேர்வுக்குப் படிப்பது போன்ற புது முயற்சியைத் தொடங்கினால் நிச்சயம் நடுவில் அறுந்துவிடும். ஆடி மாதத்தில் கல்யாணங்கள் இருக்காது. ஆடிப்பெருக்கு, கோயில் திருவிழா நாட்களைக் கழித்துவிட்டால் புதிதாக ஒன்றைத் தொடங்க அது நல்ல மாதம்.

வீட்டில் ராகு காலம் பார்ப்பவர்கள் என்றால் அதையும் கோட்டில் போட்டுவிடுங்கள். திங்கள் 7.30 முதல் 9, சனி 9 முதல் 10.30, செவ்வாய் மாலை 3 முதல் 4.30. கிளம்பும் வேளையில் வாக்குவாதம் வந்து அரைமணி போவதைவிட முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது மேல். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு பெரும்பாலும் முந்தைய நாள் பேப்பரில் வந்துவிடும். தையல் மெஷினுக்கு மோட்டார் வைத்திருப்பவர்கள், கிரைண்டர் போடுபவர்கள், ஆன்லைன் வகுப்பில் இருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் மறுநாளை எழுத வேண்டும்.

மிச்சம் எவ்வளவு

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓசூர் கம்பெனிக்கு ஜெனரல் ஷிப்ட் போகும் ஒருவர் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை 6.45-க்கு வீட்டை விட்டால் மாலை 6.45-க்குத் திரும்புகிறார். வெளியில் 12 மணி நேரம். இரவு 10 முதல் 5 வரை தூக்கம் 7 மணி நேரம். மிச்சம் 5. அதில் குளியல், சாப்பாடு, வீட்டு வேலைக்குக் காலையில் 1 மணி, மாலையில் ஒன்றேகால் மணி. கையில் நிற்பது காலையில் 45 நிமிடம், இரவில் 2 மணி நேரம்.

இதைப் பார்த்ததும் இரண்டே முக்கால் மணி நேரத்தையும் படிப்புக்கு எழுதிவிடக் கை துடிக்கும். எழுதாதீர்கள். பாதிக்கு மேல் எழுதவே கூடாது. தெருவில் யாரோ கூப்பிடுவார்கள், சூளகிரிப் பக்கம் லாரி கவிழ்ந்து பஸ் ஒரு மணி நேரம் நிற்கும், குழந்தைக்குக் காய்ச்சல் வரும். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மனிதர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று டேனியல் கானமன், ஏமாஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 1979-லேயே எழுதினார்கள். முன்பு பல தடவை செய்த வேலையிலும் இந்தத் தவறு நடக்கும். இதற்கு மருந்து உங்கள் 4 நாள் நோட்டுதான். "போன தடவை எவ்வளவு ஆனது" என்று நோட்டைப் பாருங்கள். நோட்டில் இல்லாத புது வேலை என்றால், மனசில் தோன்றும் நேரத்தோடு அதில் பாதியைக் கூட்டுங்கள். 40 நிமிடம் என்று தோன்றினால் 60.

நாழிகைக் கணக்கு

ஒரு நாளைக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். பெரியவர்கள் வைத்திருந்த இந்த அளவு இன்றைக்கும் ஒரே மூச்சில் வேலை செய்யச் சரியாகப் பொருந்துகிறது. 24 நிமிடம் வேலை, 6 நிமிடம் ஓய்வு என்று வைத்தால் அரைமணி. ஒரு மணி நேரத்தில் இரண்டு நாழிகை கச்சிதமாக அடங்கும். கணக்குப் பார்க்கவும் சுலபம்.

மேலே சொன்னவருக்குக் காலையில் ஒரு நாழிகை, இரவில் இரண்டு. தினம் 72 நிமிடம். 6 நாளில் 7 மணி 12 நிமிடம் படித்திருப்பார், ஞாயிற்றுக்கிழமையைத் தொடாமலே. கேட்க அற்பமாகத்தான் இருக்கும். "தினம் 4 மணி நேரம்" என்று எழுதிவிட்டு வாரத்துக்கு ஒரு நாள் படிப்பதைவிட இது அதிகம்.

உட்காரும் முன் புத்தகம், பேனா, தண்ணீர் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். எடுக்க எழுந்தால் அது வேறு வேலையில் போய் முடியும். ஸ்மார்ட் போனை இன்னொரு அறையில் வையுங்கள். ஒரே அறை வீடென்றால் அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுத்துவிடுங்கள். கவிழ்த்து வைப்பது போதாது. கண்ணில் பட்டாலே கை போகும். பக்கத்தில் ஒரு வெற்றுத்தாள் வேண்டும். நடுவில் "கேஸ் புக் பண்ணணும்", "மாமாவுக்குப் போன் பண்ணணும்" என்று நினைவு வந்தால் தாளில் எழுதிவிட்டு விட்ட இடத்துக்கு வாருங்கள். எழுதியதும் மனசு அதைச் சுமப்பதை விட்டுவிடும்.

அலாரம் அடித்ததும் அடுத்து எங்கே தொடங்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். "பக்கம் 46, மூன்றாவது கணக்கு." பலர் விடுவது இந்த ஒரு வரியைத்தான். அது இல்லாவிட்டால் அடுத்த நாழிகையில் பாதி, எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே கரைந்துவிடும். அந்த 6 நிமிடத்தில் எழுந்து நடங்கள், திண்ணையில் நில்லுங்கள், தண்ணீர் குடியுங்கள். போனை மட்டும் தொடாதீர்கள். 6 நிமிடம் 40 ஆகும்.

ரீல்ஸ் பார்த்துப் பழகியவர்களுக்கு 24 நிமிடமும் முதல் வாரம் மலையாகத் தெரியும். அப்படியானால் அரை நாழிகை, 12 நிமிடத்தில் தொடங்குங்கள். 5 நாள் சேர்ந்தாற்போல முடிந்ததும் முழு நாழிகைக்குப் போகலாம்.

மணியில் கட்டாதீர்கள், காரியத்தில் கட்டுங்கள்

"காலை 6.30-க்குப் படிப்பேன்" என்று எழுதினால், பால் வண்டி 20 நிமிடம் பிந்திய அன்றைக்கு அது செத்துவிடும். "சொசைட்டியிலிருந்து வந்து பால் கேனைக் கழுவிக் கவிழ்த்ததும் புத்தகத்தை எடுப்பேன்" என்று எழுதுங்கள். வண்டி எப்போது வந்தாலும் கேனைக் கழுவத்தானே போகிறீர்கள். இன்னது நடந்ததும் இன்னது செய்வேன் என்று முன்பே முடிவு செய்து வைப்பது, "செய்ய வேண்டும்" என்ற வெறும் ஆசையைவிட நன்றாக வேலை செய்கிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முளைகள் நிறைந்த வாழ்க்கைக்கு இதில் ஒரு லாபம் உண்டு: ஒவ்வொரு முளையும் ஒரு மணி அடிக்கிறது. எந்த முளைக்குப் பிறகு உடம்பில் தெம்பு இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். மத்தியானம் களி சாப்பிட்டதும் கணக்குப் போடுவேன் என்று எழுதுவது வீண்.

ராத்திரி படுக்கும் முன் 10 நிமிடம் மறுநாள் பக்கத்தை எழுதுங்கள். நாழிகை வேலை ஒன்று (அதற்கு இரண்டு மூன்று நாழிகை ஆகலாம்), சின்ன வேலை இரண்டு. மூன்றுக்கு மேல் வேண்டாம். வேலையை வினைச்சொல்லில் எழுத வேண்டும். "பட்டா" என்று எழுதினால் அது வேலை இல்லை, கவலை. "இ-சேவை மையத்தில் சிட்டா நகல் 2 எடு, சர்வே எண் டைரி கடைசிப் பக்கத்தில்" என்று எழுதினால் அது வேலை. நோட்டில் ஒரு வேலை தொடர்ந்து 3 நாள் நகர்ந்துகொண்டே போனால் சோம்பல் என்று உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். அநேகமாக அது ஒரு வேலையாக இருக்காது. உள்ளே நாலு வேலை இருக்கும். பிரித்து, முதல் துண்டை மட்டும் எழுதுங்கள்.

டவுனுக்குப் போகிற வேலை

பென்னாகரம் பக்கத்திலிருந்து தருமபுரிக்கோ, அஞ்செட்டியிலிருந்து ஓசூருக்கோ போய் வந்தால் அரை நாள் போச்சு. ஒரு கையெழுத்துக்கு என்றாலும் அதே அரை நாள்தான். அதனால் நோட்டின் கடைசிப் பக்கத்தை ஊர்வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: தருமபுரி, பாலக்கோடு, அரூர், கிருஷ்ணகிரி என்று உங்களுக்கு எது வேண்டுமோ அது. ஓர் ஊரின் கீழ் மூன்று வேலை சேரும்வரை, அவசரம் இல்லையென்றால், கிளம்ப வேண்டாம்.

முந்தின இரவே ஒரு பையில் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் இவற்றின் அசலும் இரண்டிரண்டு ஜெராக்ஸும், போட்டோ 2, பேனா எல்லாம் எடுத்து வைத்துவிடுங்கள். மனு என்றால் வீட்டிலேயே எழுதி அதற்கும் ஒரு நகல். ஜெராக்ஸ் கடையில் நிற்கும் அரைமணிதான் பல பேருக்கு அதிகாரியைத் தவற வைக்கிறது.

கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள் திங்கட்கிழமை. மனு கொடுக்க அதுதான் நாள். வேறு வேலையாக அதிகாரிகளைப் பார்க்க வேண்டுமென்றால் திங்கள் காலையைத் தவிருங்கள்; பலர் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். பேங்க் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை கிடையாது. கரண்ட் பில் கட்டுவது, சிட்டா எடுப்பது, வில்லங்கம் பார்ப்பது இவற்றை இணையத்திலேயே முடிக்கலாம். இதற்காக டவுன் போகாதீர்கள்.

பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. அது பெரிய உதவி. ஆனால் அந்த பஸ்ஸுக்காகவே முக்கால் மணி நேரம் நிற்க வேண்டிய நாளில், அந்த நேரத்தில் தைக்கிற ஒரு ஜாக்கெட்டின் கூலியையும் அதற்கு முன்னால் வருகிற கட்டண பஸ்ஸின் டிக்கெட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில நாள் டிக்கெட் எடுப்பதே லாபம்.

ஷிப்ட் வாரங்கள்

6 முதல் 2, 2 முதல் 10, 10 முதல் 6 என்று மாறுகிறவர்கள் மூன்று தனித் தாள் வைத்துக்கொள்ளுங்கள். மதிய ஷிப்ட் வாரம்தான் பொன்னான வாரம்: காலை 8 முதல் 11 வரை தெளிவாக இருப்பீர்கள், கடினமான பாடத்தை அங்கே வையுங்கள். காலை ஷிப்ட் வாரத்தில் மாலை 5 மணிக்கு மேல் இரண்டு நாழிகை போதும், இரவு 9-க்குப் படுத்தாக வேண்டும். இரவு ஷிப்ட் வாரத்தில் புதுப் பாடம் எதுவும் எழுதாதீர்கள். படித்ததைத் திருப்பிப் பார்ப்பது மட்டும். தூக்கத்தை இரண்டாகப் பிரிக்கலாம்: காலை 8 முதல் 1, பிறகு மாலை 6 முதல் 8. ஜன்னலுக்குக் கனமான பழைய போர்வையை மாட்டுங்கள். குடித்த டீயின் காபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும், அதனால் கடைசி டீ அதிகாலை 2 மணிக்கு முன்பே. ஷிப்ட் முடிந்து டூ வீலரில் திரும்புகிறவர் கண் சொருகினால் கேட் பக்கத்திலேயே 20 நிமிடம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். வீட்டில் திட்டினாலும் பரவாயில்லை.

வீட்டுப் பெண்களின் கணக்கு

பெண்களின் 4 நாள் நோட்டைக் கூட்டினால் வேறொரு படம் தெரியும். அவர்களுக்கும் மிச்ச நேரம் இருக்கும். ஆனால் 8 நிமிடம், 12 நிமிடம் என்று தூள் தூளாக இருக்கும். நடு நடுவே களி கிண்டுவது, குழாய்த் தண்ணீர், மாட்டுத் தீவனம், மாமியாருக்கு மாத்திரை. 24 நிமிடம் சேர்ந்தாற்போல எங்கேயும் இருக்காது. அதற்கு நோட்டுப் போட்டுத் திறமையைக் கூட்டச் சொல்வது அநியாயம். அவர்களிடம் இருக்கும் முளைகளில் ஒன்றைப் பிடுங்கி வேறொருவரிடம் நட வேண்டும். இதற்கு வேறு வழி கிடையாது.

செய்யும் விதம்: குடும்பமாக உட்கார்ந்து எல்லோர் கோட்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வையுங்கள். யார் பெயரில் எத்தனை முளை என்று எண்ணுங்கள். எண்ணிக்கை தெரிந்தாலே பேச்சின் தொனி மாறும். சாயங்காலப் பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோவது ஒன்பதாவது படிக்கும் பையனுடையது என்றால், அவன் போகாத அன்றைக்கு அவன்தான் மாற்று ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும். "உதவி" என்று சொல்லிக்கொடுத்த வேலை இரண்டு வாரத்தில் அம்மாவிடமே திரும்பிவிடும். முழுசாக ஒப்படைத்த வேலை அவனிடமே நிற்கும். ஒரு முளை மாறினால் ஒரு நாழிகை திறக்கும். அந்த நாழிகை அவர்களுடையது: தைக்கலாம், படிக்கலாம், படுத்தும் கிடக்கலாம்.

சமையலிலும் மாட்டு வேலையிலும் குறைக்க முடிந்தது கொஞ்சம்தான். ராகியை 15 நாளுக்குச் சேர்த்து அரைப்பது, இட்லி மாவு வாரம் இரண்டு தடவை, மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டுவதை முந்தின சாயங்காலமே முடிப்பது.

வாரக் கடைசியும் கெட்ட நாளும்

ஞாயிற்றுக்கிழமையோ உங்கள் வார லீவிலோ 20 நிமிடம் ஒதுக்கி, எழுதியதில் எத்தனை நடந்தது என்று எண்ணுங்கள். 18 நாழிகை எழுதி 12 முடிந்திருந்தால் நன்றாகப் போகிறது, கை வைக்காதீர்கள். இரண்டு வாரம் தொடர்ந்து பாதிக்குக் கீழே இருந்தால் எழுதும் நாழிகையைப் பாதியாக்குங்கள். இந்த இடத்தில் பலர் செய்யும் தவறு, இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாக எழ முடிவெடுப்பது. தூக்கம் 7 மணி நேரத்துக்குக் கீழே போனால் 24 நிமிடத்தில் முடிகிற பாடம் 40 நிமிடம் இழுக்கும். மிச்சப்படுத்திய நேரம் அங்கேயே போய்விடும்.

சாவு, கல்யாணம், ஆஸ்பத்திரி, கன்று ஈனும் இரவு என்று நோட்டுக்கு அடங்காத நாட்கள் வரும். அதற்காக முன் அட்டையின் உள்பக்கத்தில் கெட்ட நாளின் அளவை எழுதி வையுங்கள்: அரை நாழிகை, படித்ததில் ஒரே ஒரு பக்கம், அல்லது ஒரே ஒரு சின்ன வேலை. அதுவும் முடியவில்லை என்றால் அந்தத் தேதியின் குறுக்கே ஒரு கோடு. விட்ட நாழிகைகளை மறுநாளுக்கு ஏற்றாதீர்கள். மூன்று நாளின் பாக்கியைச் சுமந்த பக்கத்தை யாரும் திறக்க மாட்டார்கள். கோடு போட்டதும் பக்கத்தைத் திருப்பி, மேலே புதுத் தேதி, அடியில் நாளைய முளைகள், நடுவில் ஒரு நாழிகை.